யாருடைய இடத்தில் இருந்து யோசிப்பது?

"கொஞ்சம் அவங்க இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க." மனிதநேயம் பேசும் மேடைகளில் கைதட்டல் வாங்கும் வாக்கியம் இது. களப்பணியில் இருக்கும் நாங்கள் இதை அதிகம் கேட்டிருப்பது கோட்டாட்சியர் அலுவலகத்திலும், வட்டாட்சியர் அலுவலகத்திலும், காவல் நிலைய வாசலில் இருக்கும் வேப்பமரத்தடியிலும்தான். சொல்கிறவர் அதிகாரி. சொல்லப்படுவது அடி வாங்கியவரிடம். "அவங்க" என்றால் அடித்தவர்கள்.

நடைமுறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம். காலனிப் பையன் ஒருவன் ஊர்த்தெரு வழியாக வண்டியில் இறங்காமல் போனான் என்றோ, திருவிழாவில் ஆடினான் என்றோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அண்ணல் படம் வைத்தான் என்றோ அடி விழுகிறது. இரவோடு இரவாக அரசு மருத்துவமனை. புகார் எழுதிக் கொடுத்தால் கைக்கு வருவது சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்.ஐ.ஆருக்கு இன்னும் நான்கு நடை நடக்க வேண்டும். அதற்குள் எதிர்த்தரப்பில் இருந்து ஒரு புகார் எழுதி வாங்கப்படும். அதற்குப் பெயர் கவுண்டர் கேஸ். இரண்டு பக்கமும் வழக்கு வந்துவிட்டதால் இது இப்போது "இரு தரப்பு மோதல்" ஆகிவிடுகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வரும்.

அப்படியொரு கூட்டத்தில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். ஊர்த் தரப்புக்கு நாற்காலி சரியாக இருந்தது. எங்கள் பக்கம் வந்தவர்களில் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். தலையில் ஏழு தையலோடு பையன் மருத்துவமனையில் கிடக்க, அவன் அம்மா மட்டும் வந்திருந்தார். அதிகாரி கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பையனுக்குப் போலீஸ் செலக்‌ஷன் வந்திருக்கும்மா. கேஸ்னு ஆயிட்டா அவன் வாழ்க்கையே போச்சு. நீங்களும் புள்ளை பெத்தவங்கதானே?" என்றார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே அந்தப் பையன்மீது பாவமாகத்தான் இருந்தது. அதை வெளியே வந்து எங்களிடம் சொல்லவும் செய்தார். தன் மகனின் மண்டையை உடைத்தவனுக்காக அவர் மனம் இளகியது. அந்த அறையில் வேறு யாருக்கும் அவர் மகனுக்காக மனம் இளகியதாகத் தெரியவில்லை.

இதைத்தான் எல்லோருக்கும் நல்லது என்று கற்றுத் தருகிறார்கள். ஒத்துணர்வு என்று பாடநூலில் எழுதுகிறார்கள், பயிற்சிப் பட்டறைகளில் எம்பதி என்றே சொல்லிவிடுகிறார்கள். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்வது. அந்த உணர்வோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அதை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை வட்டாட்சியர் மேசையில் உட்கார்ந்து ராஜி பேசி முடித்துவிட இடமில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலை அதிகாரி. முன்ஜாமீன் கிடையாது. 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டல், நிர்ப்பந்தம், ஆசைகாட்டல் ஆகியவற்றில் இருந்து காப்பது அரசின் கடமை என்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு நான்காம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. இத்தனையும் எழுதி வைத்திருக்கிற நாட்டில், "நீங்களும் புள்ளை பெத்தவங்கதானே" என்ற ஒரு வரி போதுமானதாக இருக்கிறது. மிரட்டியிருந்தால் அதைப் புகாராக எழுதலாம். பரிவாகப் பேசியதை எந்தப் பிரிவில் எழுதுவது?

அடுத்தவர் மனதைப் படிக்கும் வித்தையை எங்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. தஞ்சைப் பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த காலத்தில், ஆண்டையின் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய கோபத்தை அளந்தவர்கள் எங்கள் முன்னோர்கள். இன்றும் வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு எந்த நாளில் தலைவலி வரும், கணவனோடு சண்டை என்றால் பாத்திரம் எப்படி வந்து விழும், எந்த முகத்தோடு இருக்கும்போது சம்பள முன்பணம் கேட்கக் கூடாது என்று அத்தனையும் சொல்வார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் போய், உங்கள் வீட்டில் பத்து வருடமாக வேலை பார்ப்பவருக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தது என்ன படிக்கிறது, எந்த ஊர்ப் பேருந்தில் வந்து இறங்குகிறார் என்று கேளுங்கள். தெரிந்திருந்தால் மகிழ்ச்சி. தெரியாவிட்டாலும் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை என்பதுதான் விஷயம். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் படித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும், சில ஊர்களில் உயிரும் போகும். மேலே இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சமூகவியல் வகுப்பில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் சொன்னார்கள். எங்கள் தெருவில் இதற்குப் பெயரே தேவைப்படவில்லை.

தமிழில் இதைப் பார்க்க இன்னும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. முன்னிலைச் சொல்லைக் கவனியுங்கள். எழுபது வயது ஆளைப் பத்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெரியவர் அந்தப் பிள்ளையைச் "சின்னய்யா" என்பார், "சாமி" என்பார். நகரத்தில் இது இல்லை என்கிறவர்கள் தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து படிக்கலாம். மின்வேலை பார்ப்பவர் அண்ணா. தண்ணீர் கேன் போடுபவர் தம்பி. குப்பை எடுக்க வருகிறவர் மட்டும் "குப்பைக்காரி வந்தாளா?" என்று ஆகிவிடுகிறார். அரசு அவர்களைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்கச் சொல்லி வருடங்கள் ஆகின்றன. கொரோனா காலத்தில் அவர்களுக்கு மாலை போட்டார்கள், காலைக் கழுவிப் படம் எடுத்துப் போட்டார்கள். மாலை வாடுவதற்குள் பழைய விகுதி திரும்பி வந்துவிட்டது. எங்களைக் கேட்டால், காலைக் கழுவ வேண்டாம். "ங்க" ஒன்று சேருங்கள், அது போதும். (இதைச் சொன்னதற்காக ஒரு பயிற்சி முகாமில் "எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறீர்கள்" என்று எங்களிடம் கோபித்துக்கொண்டார்கள்.)

இந்த எழுத்தில் "நாங்கள்" என்றே சொல்லி வருகிறோம். கவனித்திருப்பீர்கள். "நாம்" என்று எழுதினால் என்ன, எல்லோரும் மனிதர்கள்தானே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற தூரம் இருக்கிறது. சுடுகாடு இரண்டு, சில ஊர்களில் டீக்கடை டம்ளர் இரண்டு, ரேஷன் கடை எந்தப் பக்கம் வருவது என்பதில் வெட்டுக்குத்து. மேடையில் ஏறியதும் மட்டும் "நாம்". புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் எங்கள் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் கண்ட கூடுதல் காட்சிகள், டீக்கடையில் இரட்டைக் குவளையும் கோயிலில் நுழையவிடாத தடையும். அந்த வழக்கில் 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது, அதே தலித் சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர்மீது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் இடத்தில் இருந்து ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கச் சொல்லி நாடு யாரையும் வற்புறுத்தவில்லை.

சினிமாவுக்கு வருவோம். ஏனென்றால் ஒத்துணர்வு பற்றி எப்போது பேசினாலும் "பரியேறும் பெருமாள் பார்த்து அழுதோமே" என்கிறார்கள். அழுதீர்கள், நாங்களும் பார்த்தோம். 2018இல் வந்த படம். திரையரங்கில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சிந்திய சத்தம்கூட நினைவிருக்கிறது. அதன்பிறகு 2021இல் ஜெய்பீம் வந்தது. 1993இல் காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்ட ஒரு பழங்குடி மனிதனின் வழக்கை ஒட்டிய கதை. அதில் வரும் சித்திரவதையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் அதைவிடப் பெரிய புண் ஒன்று தமிழ்நாட்டில் ஏற்பட்டது. ஒரு காட்சியின் பின்னணியில் தொங்கிய காலண்டர் ஒரு சாதியின் அடையாளத்தைக் காட்டுகிறது என்று புகார் எழுந்தது. அறிக்கைகள், வழக்குகள், இழப்பீடு கேட்டு நோட்டீஸ். காலண்டரும் மாற்றப்பட்டது. லாக்கப்பில் செத்த மனிதனின் உடம்பைவிடச் சுவரில் தொங்கிய தாளுக்கு வலித்திருக்கிறது. படம் பார்த்து அழுவது சுலபம். திரையில் இருப்பவன் வீடு வாடகைக்குக் கேட்டு வர மாட்டான், பெண் கேட்டும் வர மாட்டான். அழுதவர்களில் ஒருவர் எங்கள் தோழருக்கு வீடு இல்லை என்றார். "எனக்கு ஒண்ணும் இல்லங்க, மாடில இருக்கிறவங்க ஒரு மாதிரி" என்று காரணம் சொன்னார்.

நீதிமன்றங்களுக்கும் பரிவு உண்டு. இல்லை என்று யார் சொன்னது? 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூலி கேட்டதற்காக. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலனும் காரும் வைத்திருக்கும் கனவான்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதைத் திரும்பத் திரும்பப் படித்தால் ஒன்று புரியும். நீதிமன்றம் ஒத்துணர்வோடுதான் நடந்துகொண்டது. கார் வைத்திருக்கும் ஒரு மனிதனின் இடத்தில் நின்று, அவன் எப்படி நடப்பான், எதைச் செய்யக் கூசுவான் என்று யோசித்துப் பார்த்தது. பூட்டிய குடிசைக்குள் இருந்தவர்களின் இடத்தில் நின்று யோசிக்கத்தான் அதற்குத் தோன்றவில்லை.

2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றமும் இதையே வேறு சொற்களில் செய்தது. வன்கொடுமைச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது, பொய்ப் புகாரில் சிக்கும் அதிகாரிகளின் நிலை என்னாவது என்ற கவலை. அதனால் வழக்குப் போடும் முன் முதற்கட்ட விசாரணை, கைதுக்கு முன் மேலதிகாரி ஒப்புதல். ஏப்ரல் 2இல் நாடு முழுக்க எங்கள் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வட மாநிலங்களில் பல உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. பொய் வழக்கே கிடையாது என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லாச் சட்டத்திலும் உண்டு. ஆனால் திருட்டு வழக்கில் பொய்ப் புகார் வருகிறது என்பதற்காகத் திருடனைப் பிடிக்கும் முன் அவனுடைய மேலாளரிடம் கையெழுத்து வாங்கச் சொன்ன நீதிபதி எவரும் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பார்த்தவர். 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்ததால் புத்தகமாக வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், சாதி மனிதர்களின் இரக்கத்தையே தன் எல்லைக்குள் அடைத்துவிட்டது என்பது அவர் வைக்கும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. தன் சாதிக்காரன் துன்பத்தில்தான் அது தொடங்குகிறது, அங்கேயே முடிந்தும் விடுகிறது. அரசியல் சட்ட முகப்புரையில் சகோதரத்துவம் என்ற சொல்லைச் சேர்த்தது அவர் தலைமையிலான வரைவுக் குழு. அந்தச் சொல்லைப் பாசம் என்று வாசிப்பவர்கள் உண்டு. 1949 நவம்பர் 25 உரையில் அவர் அதைச் சுதந்திரத்தோடும் சமத்துவத்தோடும் பிரிக்க முடியாமல் கட்டி வைத்தார். அதில் ஒன்றை மட்டும் தனியாக உருவி எடுத்து "அன்பாக இருங்கள்" என்று எங்களுக்குப் பிரசங்கம் செய்வது அவருடைய வழி ஆகாது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். வெட்டியவர்கள் பள்ளித் தோழர்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் முறையிட்டதுதான் அவன் செய்தது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யுங்கள், பள்ளிப் பெயர்களில் இருந்து சாதிப் பெயரை எடுங்கள் என்று அதில் இருந்தது. இப்போது நாங்கள் போகிற பள்ளிகளில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "மாணவர்களுக்கு எம்பதி பற்றி ஒரு செஷன் எடுங்களேன்." எடுக்கிறோம். எடுத்து முடித்துவிட்டு, கயிறு என்ன ஆயிற்று, கழிவறையைக் கழுவ எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள் என்று கேட்டால், அடுத்த முறை கூப்பிடுவதில்லை.

எங்கள் பக்கமும் இதே கேள்வி உண்டு. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னபோதும், தலித் ஒற்றுமையின் பெயரால் அதை எதிர்த்தவர்கள் எங்கள் இயக்கங்களிலேயே இருக்கிறார்கள். மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களில் பெரும்பாலோர் எந்தச் சமூகம் என்று அவர்களுக்குத் தெரியாதா? மேலே இருப்பவனிடம் என்ன கேட்கிறோமோ அதையேதான் அந்த மக்கள் நம்மிடம் கேட்கிறார்கள். இங்கே "நம்மிடம்" என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறோம்.

மலக்குழி என்றதும் எல்லோருக்கும் மனம் கசிகிறது, 'கக்கூஸ்' ஆவணப்படம் பார்த்தபின் இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை என்றவர்களும் உண்டு. சாப்பிடுங்கள். உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்த அன்று என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போன பிறகு அடியில் வண்டல் நிற்கும். "கொஞ்சம் இறங்கி அள்ளிட்டா முழுசா முடிஞ்சுடும்ல" என்று கூடுதலாக ஐநூறு ரூபாய் நீட்டுகிறவர் நல்ல மனிதர்தான். டீ வாங்கித் தருவார், மகனுடைய பழைய சட்டையும் தருவார். உள்ளே இருக்கும் வாயு நல்ல மனிதரின் தொட்டி என்று பார்ப்பதில்லை. 2013 சட்டப்படி ஆளை இறக்குவது குற்றம். இறக்கியவர் தனிநபராக இருந்தாலும் இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். செத்தால் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. உயிருக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவது நிற்கவில்லை. அந்த ஐநூறு ரூபாயை நீட்டாமல் இருப்பதற்கு இரக்கம்கூடத் தேவையில்லை. மீதி வண்டல் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டால் போதும்.

இதைப் படிப்பவர்களில் ஊர்த்தெருவில் பிறந்து, மனச்சாட்சியோடு இருப்பவர்கள் கணிசமாக உண்டு என்று தெரியும். என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று மடல் எழுதுகிறீர்கள். ஒன்று கேட்கிறோம். வன்கொடுமை வழக்குகள் எங்கே தோற்கின்றன தெரியுமா? பெரும்பாலும் சாட்சிக் கூண்டில். சம்பவத்தைப் பார்த்த கடைக்காரர், பேருந்து நடத்துநர், ஊர்ப் பெரியவர் எல்லோரும் முதலில் போலீஸிடம் சொன்னதைக் கோர்ட்டில் சொல்ல மாட்டார்கள். பிறழ் சாட்சி. மீதம் நிற்பது அடிபட்டவரின் சொந்தக்காரர்கள் மட்டும். "இவர்கள் ஒரே குடும்பம், ஒரே சாதி, சேர்ந்து பொய் சொல்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முடித்துவிடுவார். நாங்கள் கூட நின்ற ஒரு வழக்கில், ஊர்த்தெருவைச் சேர்ந்த ஒரே ஒரு பெண் வந்து பார்த்ததைச் சொன்னார். மாவு மில் வைத்திருப்பவர். சாட்சி சொன்னதும் மில்லுக்கு ஆள் வருவது நின்றுபோனது. அவர் எங்களுக்காக அழவில்லை, எங்கள் வீட்டில் வந்து கை நனைத்ததும் இல்லை. இரண்டு மணி நேரக் குறுக்கு விசாரணையில் மாற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். வழக்கு இன்னும் நடக்கிறது.

ஆகவே, அப்படி எதையாவது நீங்கள் பார்த்திருந்தால், சம்மன் வந்ததும் ஊரைவிட்டுப் போய்விடாதீர்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 11ஆம் விதிப்படி சாட்சிக்குப் பயணப்படியும் தினப்படியும் உண்டு. கேட்காமல் தர மாட்டார்கள், எழுதிக் கேளுங்கள். மிரட்டல் வந்தால் 15ஏ பிரிவைச் சொல்லி மனுக் கொடுக்கலாம், மனு எழுத எங்களால் உதவ முடியும். தனியாக வர யோசனையாக இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள், பேருந்து நிலையத்தில் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம்.